ஜோ பெய்ன்: 10 கோலுக்குப் பின்னால் இருக்கும் 55 கோல்

கேள்வி இது: ஆங்கிலேய லீக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் 10 கோல் அடித்த ஒருவர் இருக்கிறாராமே, யார் அவர்? அவ்வளவு பெரிய சாதனை செய்தவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? அன்றைக்கு எதிரணி சரியாக ஆடாததால் அடித்த யோகமா, இல்லை நிஜமாகவே நல்ல ஆட்டக்காரரா?

அவர் பெயர் ஜோ பெய்ன். 1936 ஏப்ரல் 13 அன்று லூட்டன் டவுன் அணிக்காக பிரிஸ்டல் ரோவர்ஸ் அணிக்கு எதிராக 10 கோல் அடித்தார். ஆட்டம் 12–0 என்று முடிந்தது. ஃபுட்பால் லீக் வரலாற்றில் ஒரு ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்ச கோல் எண்ணிக்கை இன்றுவரை அதுதான். யோகமா என்ற கேள்விக்கு அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. அதற்கு அடுத்த சீசனில் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். அங்கே வருவதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

பெய்ன் 1914 ஜனவரி 17 அன்று டெர்பிஷயரில், செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்திலுள்ள பிரிமிங்டன் காமன் என்ற ஊரில் பிறந்தார். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அந்தப் பக்கத்துப் பையன்களில் பலரைப் போல அவரும் சுரங்க வேலைக்குப் போனார், போல்சோவர் சுரங்கத்தின் கால்பந்து அணியில் ஆடினார். பெரிய சுரங்கங்களுக்கெல்லாம் அப்போது சொந்தமாக அணி இருக்கும். லீக் கிளப்புகள் ஆள் தேடிப் போகும் இடங்களில் இந்தச் சுரங்க அணிகளும் உண்டு. 1934இல் லூட்டன் டவுன் அவரை எடுத்தது. லூட்டன், லண்டனுக்கு வடக்கே சுமார் 30 மைல் தொலைவில் இருக்கும் ஊர். தொப்பித் தயாரிப்புக்குப் பேர்போனது, அதனால் அணிக்கு இன்றும் ‘தொப்பிக்காரர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். கிளப் அவரைக் கொஞ்ச காலம் பக்கத்து ஊர் அணியான பிகிள்ஸ்வேட் டவுனுக்குக் கடனாக அனுப்பி ஆட வைத்தது.

அந்தக் கால ஆட்ட அமைப்பு தெரியாவிட்டால் அவர் கதையின் பாதி புரியாது. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப், அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வர்டு என்றுதான் அணிப் பட்டியலை எழுதுவார்கள். ஐந்து ஃபார்வர்டுகளில் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிப்பது முதன்மையாக அவர் பொறுப்பு. லூட்டன் பெய்னை வைத்திருந்தது விங் ஹாஃப் இடத்தில், அதாவது மூன்று ஹாஃப்களில் ஓரத்தில். எதிரணியின் ஃபார்வர்டை மறிப்பது, பந்தைப் பிடுங்கித் தன் ஆளுக்குத் தள்ளுவது, இவ்வளவுதான் அந்த இடத்தின் வேலை. அந்த இடத்திலும் அவருக்கு முதல் அணியில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான்.

1936 ஈஸ்டர் வந்தபோது லூட்டன், லீக்கின் கடைசிப் படியான மூன்றாவது டிவிஷனின் தெற்குப் பிரிவில் முதலிடத்துக்காக கவென்ட்ரி சிட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்த டிவிஷனில் 22 அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு அணிதான் மேல் டிவிஷனுக்குப் போகும். இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கு இருப்பதுபோல் பிளே-ஆஃப் என்ற இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. 1920இலிருந்து லூட்டன் அந்த டிவிஷனில்தான் கிடந்தது. ஈஸ்டர் சமயத்தில் புனித வெள்ளி, சனி, திங்கள் என நான்கு நாளில் மூன்று ஆட்டம் ஆடுவது அன்றைய வழக்கம். வழக்கமாக சென்டர் ஃபார்வர்டு இடத்தில் ஆடுபவர்கள் காயத்தில் இருந்தார்கள். ஆள் இல்லாத நெருக்கடியில்தான் 22 வயது பெய்னை ஹாஃப் இடத்திலிருந்து எடுத்து முன்னால் நிறுத்தினார்கள். லீக் ஆட்டத்தில் அவர் சென்டர் ஃபார்வர்டாக இறங்கியது அதுதான் முதல் முறை.

லூட்டனின் சொந்த மைதானமான கெனில்வொர்த் ரோட்டில் அவருடைய முதல் கோல் 23ஆவது நிமிடத்தில்தான் வந்தது. இதைக் கவனியுங்கள். ஆட்டத்தின் கால்வாசி நேரம் போன பிறகும் அவர் கணக்கில் ஒன்றுமே இல்லை. இடைவேளைக்குள் மூன்று. இடைவேளைக்குப் பிறகு ஏழு. மீதி இரண்டு கோல்கள் ஃபிரெட் ராபர்ட்ஸுக்கும் ஜார்ஜ் மார்ட்டினுக்கும். லூட்டனின் மிகப் பெரிய லீக் வெற்றியும், பிரிஸ்டல் ரோவர்ஸின் மிகப் பெரிய லீக் தோல்வியும் இன்றுவரை அந்த 12–0தான்.

பின்பாதியில் ஏழு கோல் எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, மாற்று ஆட்டக்காரர்கள் கிடையாது. ஃபுட்பால் லீக்கில் மாற்று ஆளை இறக்க அனுமதி வந்தது 1965இல்தான். நான்கு நாளில் மூன்றாவது ஆட்டம் ஆடும் பேக் ஒருவருக்குக் கால் துவண்டாலும், தசை பிடித்துக்கொண்டாலும், அவரேதான் கடைசிவரை நிற்க வேண்டும். ஆக, நான்கு கோல் பின்தங்கி, களைத்துப்போன ஒரு தடுப்பு வரிசையைப் பின்பாதியில் சரிசெய்யவே வழியில்லை.

இரண்டாவது, ஆஃப்சைடு விதி. 1925க்கு முன், பந்து தட்டிவிடப்படும் நேரத்தில் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பேக் ஒருவர் கொஞ்சம் முன்னால் ஏறி நின்றாலே போதும், எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார், ஆட்டம் நின்றுவிடும். கோல்கள் வற்றிப்போனதால் 1925 கோடையில் அந்த மூன்றை இரண்டாக்கினார்கள். 1924–25 சீசனில் லீக்கின் எல்லா டிவிஷன்களிலும் சேர்த்து விழுந்த கோல்கள் 4,700. அடுத்த சீசனில் 6,373. இதைச் சமாளிக்க நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேக்குகளுக்கும் இடையில் மூன்றாவது தடுப்பாளராக நிறுத்தும் முறை வந்தது. ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் அதைச் செம்மைப்படுத்தினார். ஆனால் எல்லா அணிகளும் அதே தேர்ச்சியோடு ஆடிவிடவில்லை. அந்த நடு ஆள் ஒரே ஒருமுறை இடம் தவறினாலும், அவருக்குப் பின்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை.

மூன்றாவது காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெய்ன் யாரென்றே ரோவர்ஸுக்குத் தெரியாது. எந்தக் காலால் உதைப்பார், எந்தப் பக்கம் திரும்புவார், தலையால் முட்டுவாரா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வீடியோவும் கிடையாது. சென்டர் ஃபார்வர்டாக அதுவரை லீக்கில் இறங்காத ஒருவரைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது?

அந்தச் சீசனே கோல் மழை பெய்த சீசன். 1935 டிசம்பர் 14 அன்று ஆர்சனலின் டெட் டிரேக், ஆஸ்டன் வில்லாவின் சொந்த மைதானத்தில் 7 கோல் அடித்தார். 12 நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, டிரான்மியர் ரோவர்ஸின் பன்னி பெல் ஓல்டம் அணிக்கு எதிராக 9 கோல் அடித்தார். அந்த ஆட்டம் 13–4. பெல் அன்று ஒரு பெனால்டியைத் தவறவும் விட்டார். அது உள்ளே போயிருந்தால் அவரும் பத்தைத் தொட்டிருப்பார். பெல்லின் சாதனை நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. பெய்னுடையது 1936இலிருந்து அசையாமல் நிற்கிறது. 1992இல் தொடங்கிய பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்சம் 5தான் என்பதை வைத்து அதன் உயரத்தை அளந்துகொள்ளலாம்.

மனதுக்குக் கஷ்டமான விஷயம், அந்த 12 கோலும் லூட்டனை மேலே ஏற்றவில்லை என்பதுதான். வெற்றிக்கு அன்று 2 புள்ளி. 1–0 என்று வென்றாலும் 2, 12–0 என்று வென்றாலும் அதே 2. சீசன் முடிவில் கவென்ட்ரிக்கு 57, லூட்டனுக்கு 56. லூட்டன் அந்தச் சீசனின் 42 ஆட்டங்களில் 12ஐச் சமனில் முடித்திருந்தது. அதில் ஒன்றை வென்றிருந்தால் புள்ளி சமமாகியிருக்கும், ஆனால் அதுவும் போதாது. சமமானால் அன்று பார்த்தது கோல் வித்தியாசம் அல்ல, கோல் சராசரி. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். 102 கோல் அடித்திருந்த கவென்ட்ரியை அதில் 81 கோல் அடித்த லூட்டன் முந்தியிருக்க முடியாது. அந்த 81இல் 12 ஒரே மாலையில் வந்தவை.

இனி 1936–37க்கு வருவோம். பெய்னைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போய்விடும் பகுதி இது. என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் உச்சம் இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சீசனில் எதிரணிகள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ‘பத்து கோல் ஜோ’ என்ற பட்டப்பெயரோடுதான் ஒவ்வொரு மைதானத்திலும் இறங்கினார். ஒவ்வொரு அணியின் நடு தடுப்பாளரும் அவருக்கென்றே தயாராக வந்தார். அப்படியும் 39 லீக் ஆட்டங்களில் 55 கோல். ஆட்டத்துக்கு 1.41. மூன்றாவது டிவிஷன் தெற்குப் பிரிவு 1958இல் கலைக்கப்படும்வரை அந்த எண்ணை அங்கே யாரும் தாண்டவில்லை. லூட்டன் அந்தச் சீசனில் அடித்த மொத்த லீக் கோல் 103. பாதிக்கு மேல் அவருடையது. அணி 58 புள்ளி எடுத்தது, 56 எடுத்த நாட்ஸ் கவுன்டியைப் பின்தள்ளி முதலிடம் பிடித்து, இரண்டாவது டிவிஷனுக்கு ஏறியது. போன வருடம் ஒரு புள்ளியில் போனது, இந்த வருடம் இரண்டு புள்ளியில் கிடைத்தது.

55ஐ மற்றவர்களோடு வைத்துப் பார்க்கலாம். முதல் டிவிஷனில் எவர்ட்டனின் டிக்ஸி டீன் 1927–28இல் 39 ஆட்டங்களில் 60 கோல் அடித்தார். இரண்டாவது டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 1926–27இல் 37 ஆட்டங்களில் 59. இவர்களுக்கு அடுத்த படியில் பெய்ன் நிற்கிறார். அதிலும் ஒரு விநோதம் உண்டு. பெய்ன் 55 அடித்த அதே 1936–37இல், மூன்றாவது டிவிஷன் வடக்குப் பிரிவில் மான்ஸ்ஃபீல்டு டவுனின் டெட் ஹார்ஸ்டனும் சரியாக 55 அடித்தார், ஆனால் அவருக்கு 41 ஆட்டம் பிடித்தது. டீனும் கேம்செல்லும் ஆஃப்சைடு விதி மாறிய புதிதில், தடுப்பாளர்கள் திணறிய முதல் மூன்று சீசன்களுக்குள் அடித்தவர்கள். பெய்ன் அடித்தது விதி மாறி 11 வருடம் கழித்து. கீழ் டிவிஷன்தானே என்று அவருடைய 55ஐக் குறைத்து மதிப்பிடுபவர்கள் இதையும் எடை போட வேண்டும்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே ரப்பர் பை வைத்துக் காற்றடித்து, வாயைத் தோல் நாடாவால் இறுக்கிக் கட்டிய பந்து. 1937இல்தான் அதன் அனுமதி எடையை 13–15 அவுன்ஸிலிருந்து 14–16 அவுன்ஸாக உயர்த்தினார்கள். உலர்ந்த நிலையில் இன்றைய பந்தின் எடையோடு பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மழையில் தோல் தண்ணீரைக் குடித்துவிடும், போகப் போகக் கனக்கும். நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். கணுக்காலை மூடும் கனமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அந்தப் பந்தோடு, சேற்று மைதானங்களில் அடித்த 55 அது.

அந்தச் சீசன் முடிந்த கையோடு இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தது. அன்று தேசிய அணிக்கு மேனேஜர் கிடையாது, கால்பந்து சங்கத்தின் தேர்வுக் குழுதான் ஆட்களைப் பொறுக்கும். மூன்றாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருப்பவரை அவர்கள் எடுப்பது அரிது. 1937 மே மாதம் இங்கிலாந்து நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று ஒரே வாரத்துக்குள் மூன்று ஆட்டம் ஆடியது. மே 20 அன்று ஹெல்சிங்கியில் பின்லாந்தை 8–0 என்று வென்ற ஆட்டத்தில் பெய்ன் இரண்டு கோல் அடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பே வரவில்லை. ஒரு ஆட்டம், இரண்டு கோல், அத்தோடு முடிந்தது. ஆர்சனலின் டிரேக், ஸ்டோக் சிட்டியின் ஃபிரெடி ஸ்டீல், பிறகு 1938இலிருந்து எவர்ட்டனின் டாமி லாட்டன் என்று, ஒரே இடத்துக்கு முதல் டிவிஷன் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

1938 மார்ச்சில் செல்சி அவரை வாங்கியது. இங்கே சம்பள விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைய கணக்கில் யோசித்தால் குழப்பம்தான் வரும். 1922இலிருந்து ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பு: சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு. டிக்ஸி டீனாக இருந்தாலும் அதற்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப் கையில் இருக்கும், அவர்கள் விடாமல் வேறு கிளப்பில் ஆட முடியாது. அதனால் 55 கோல் அடித்தவர் அதைச் சொல்லிச் சம்பளத்தை ஏற்றிக் கேட்க வழியே இல்லை. விலை பேசுவதும் வாங்கிக்கொள்வதும் கிளப்புகள்தான்.

செல்சியில் 36 லீக் ஆட்டங்களில் 21 கோல். லூட்டன் கணக்கோடு பார்த்தால் குறைவாகத் தெரியும். ஆனால் 1938–39இல் செல்சி தள்ளாடிக்கொண்டிருந்த அணி. 22 அணிகளில் 20ஆவதாக முடித்தது. 33 புள்ளியோடு தப்பித்தது, 32 எடுத்த பர்மிங்ஹாம் கீழே இறங்கியது. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில் பெய்னின் கோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அந்தச் சீசனில் அணிக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

அப்போது அவருக்கு வயது 25. சென்டர் ஃபார்வர்டுக்கு நல்ல காலமே அங்கிருந்துதான். 1939 செப்டம்பரில் போர் மூண்டது. பெரும்பாலான அணிகள் மூன்று ஆட்டம் ஆடியிருந்த நிலையில் லீக்கை நிறுத்தினார்கள், அந்த முடிவுகளையும் அழித்துவிட்டார்கள். மறுபடியும் லீக் தொடங்கியது 1946 ஆகஸ்டில். இடையில் நடந்தவை வட்டார அளவிலான போர்க்காலப் போட்டிகள். செல்சிக்காக அவற்றில் பெய்ன் தொடர்ந்து கோல் அடித்துக்கொண்டிருந்தார். 1944 ஏப்ரலில் வெம்பிளியில் நடந்த தெற்குக் கோப்பை இறுதியாட்டத்தில் பெனால்டியில் செல்சியின் ஒரே கோலை அடித்தவர் அவர்தான். ஆனால் சார்ல்ட்டன் 3–1 என்று வென்றது. அன்று கோப்பையைக் கொடுத்தவர் ஜெனரல் ஐசனோவர், நார்மண்டித் தரையிறக்கத்துக்கு இரண்டு மாதம் முன்பு. அத்தனை பேர் பார்த்த அந்தக் கோல் பெய்னின் லீக் கணக்கில் இல்லை, வரவும் வராது.

1945 நவம்பரில் செல்சி 11,500 பவுண்டு கொடுத்து லாட்டனைக் கொண்டுவந்தது. பெய்னுக்கு 32 வயது நெருங்கியிருந்தது, காயங்கள் வேறு. 1946 டிசம்பரில் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அங்கே 10 லீக் ஆட்டம், 6 கோல். அதோடு அவருடைய லீக் வாழ்க்கை முடிந்தது.

ஏன் பெயர் நிலைக்கவில்லை என்பது இதிலிருந்தே புரியும். பெரிய சாதனைகள் இரண்டும் மூன்றாவது டிவிஷனில், இங்கிலாந்துக்கு ஒரே ஆட்டம், 25 வயதிலிருந்து 32 வயதுவரை ஏழு சீசன்களை விழுங்கிய போர். டீனின் அந்த வயதுகளைப் போர் தொடவில்லை.

இந்தக் கால ஆட்டக்காரர்களின் எண்களை நீங்களே சரிபார்க்கப் போனால் சில இடங்களில் சறுக்கும். முதலில் பார்க்க வேண்டியது, எண் லீக் கோலா, கோப்பை ஆட்டங்களையும் சேர்த்ததா என்று. இரண்டையும் கலந்து எழுதும் பட்டியல்கள் ஏராளம். அடுத்து, போர்க்கால கோல்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். செல்சியில் பெய்னின் கோல் 21 என்பதற்குப் பல மடங்கு அதிகமாக எங்காவது கண்டால் காரணம் இதுதான். 1939–40இன் அழிக்கப்பட்ட மூன்று ஆட்டங்களைச் சிலர் தனியாகக் காட்டுவார்கள், சிலர் மொத்தத்தில் கூட்டிவிடுவார்கள். கடைசியாக, ‘பிரிட்டிஷ் சாதனை’ என்று படித்தால் உஷாராக இருங்கள். 1885இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஆர்ப்ரோத் அணி பான் அக்கார்டு அணியை 36–0 என்று வென்றபோது ஜான் பெட்ரி 13 கோல் அடித்திருக்கிறார். பெய்னுடையது ஃபுட்பால் லீக் சாதனை. எஃப்.ஏ. கோப்பையில் டெட் மெக்டூகல் 1971இல் போர்ன்மத்துக்காக மார்கேட் அணிக்கு எதிராக அடித்த 9 கோலும் வேறு கணக்கு.

இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்தால்: லூட்டன் 72 ஆட்டம் 83 கோல், செல்சி 36க்கு 21, வெஸ்ட் ஹாம் 10க்கு 6. மொத்தம் 118 ஆட்டம், 110 கோல்.

யோகமா என்று கேட்டீர்கள் அல்லவா? லூட்டன் கணக்கிலிருந்து அந்த ஈஸ்டர் திங்களை அடியோடு எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது 71 ஆட்டம், 73 கோல்.